வலித்தால் இடது கையைத் தூக்கவும்

வாயைத் திறந்தபடி மல்லாந்து கிடக்கும் மனுஷிக்கு இவ்வுலகில் எவ்வளவு மரியாதை மிஞ்சும் என்ற கேள்விக்கு நிறைமதி அன்று காலை விடை கண்டாள். மிஞ்சாது. நாற்காலி சாயச் சாயக் கால் உயர்ந்தது, தலை தாழ்ந்தது, இருபது வயதுவரை சேர்த்து வைத்திருந்த மிடுக்கு இரண்டுக்கும் நடுவே எங்கோ நழுவி விழுந்தது. குனிந்து எடுக்கவும் வழியில்லை. முகத்துக்கு மேலே விளக்கு. விளக்குக்கு மேலே முகக்கவசத்துக்குள் டாக்டர் திருமூர்த்தியின் கண்ணாடி. அதற்கும் மேலே, நோயாளிகள் பார்த்து மனம் தேறட்டும் என்று விதானத்தில் ஒட்டியிருந்த ஓர் அருவிப் படம். கிடந்து பார்ப்பவளுக்கு அந்த அருவி எந்தத் திசையில் விழுகிறது, கால் பக்கமா, தலைப் பக்கமா, அல்லது நேரே மூக்கின் மேலேயா? இப்படி ஒரு சந்தேகம் வேறு எந்த நோயாளிக்கும் வந்திருக்காது என்பதில் அவளுக்குச் சிறிது பெருமையும், வந்திருந்தால் என்ன செய்வது என்று சிறிது பொறாமையும் எழுந்தன. "வலிச்சா இடது கையைத் தூக்கு கண்ணு. தூக்குனா உடனே நிறுத்தீருவேன். வாயில பேசாதே," என்றார் டாக்டர். பிடுங்க வேண்டியது கீழ் வரிசையில் இடப்பக்கத்துக் கடைவாய்ப்பல். தீபாவளி கழிந்து வெகுநாள் டப்பாவில் கிடந்து கல்லாகிப்போன ஒரு முறுக்கு அதை நடுவில் பிளந்துவிட்டிருந்தது. "ஞானப்பல்லா இருந்திருந்தா நானே ஒரு ஜோக் சொல்லியிருப்பேன். இது வெறும் கடைவாய்ப்பல்லு," என்று போன தடவையே அவர் வருத்தப்பட்டார். அந்த ஜோக் சொல்லப்படாமல் தப்பியதற்காகவே ஒரு பல்லை இழக்கலாம் என்று அவளுக்குத் தோன்றியது.

கதவுக்கு வெளியே, காத்திருப்போர் பெஞ்சில், அப்பா உட்கார்ந்திருந்தார். பல்லைவிட அவர்தான் விஷயம். கோயம்புத்தூர் கணபதியில் வெட் கிரைண்டர் செய்யும் பட்டறை வைத்திருக்கும் சென்னியப்பனுக்கு ஒரே மகள். அவள் படிப்பது நகரத்துக்கு வெளியே ஒரு தனியார் பல்கலைக்கழகத்தில் லிபரல் ஆர்ட்ஸ். அது என்ன படிப்பு என்று கேட்கும் உறவினர்களுக்கு அவள் பந்தி உவமை சொல்லிப் புரியவைப்பது வழக்கம்: முதல் இரண்டு வருடம் எல்லாவற்றிலும் ஒவ்வொரு கரண்டி பரிமாறுவார்கள், அதற்குப் பிறகு எது பிடித்ததோ அதை மட்டும் இலை நிறைய வாங்கிக்கொள்ளலாம். இரண்டு வருடம் முடிந்துவிட்டது. வருகிற திங்கட்கிழமை எந்தப் பாடம் என்று கல்லூரியில் சொல்லியாக வேண்டும். பொருளாதாரம் என்று அப்பா எப்போதோ முடிவு செய்து, பட்டறை, மாமனார் வீடு, கோயில் கமிட்டி, பால்காரர் வரை அறிவித்தும் ஆகிவிட்டது. தத்துவம் என்று நிறைமதி முடிவு செய்திருப்பது நிறைமதிக்கு மட்டும் தெரியும். சொல்லாமல் இல்லை, சொல்லப் போனாள். தோசை வார்த்துக்கொண்டிருக்கும்போது சொல்லலாம் என்று போனாள், தோசை நன்றாக வந்துவிட்டது, அந்த மகிழ்ச்சியைக் கெடுப்பானேன் என்று திரும்பினாள். கோயிலில் சொல்லலாம் என்று போனாள், அங்கே அப்பா கண்ணை மூடிக்கொண்டு யாருக்காகவோ வேண்டிக்கொண்டிருந்தார், அந்த யாரோ தானாக இருக்கலாம் என்று பயந்து பின்வாங்கினாள். இன்று காலை காரில் வரும்போது, முதல் சிவப்பு விளக்கில் வண்டி நின்றதும் சொல்லிவிடுவது என்று உறுதி பூண்டாள். கோயம்புத்தூரில் அன்றைக்கென்று எல்லா விளக்கும் பச்சை. அப்பா கத்துகிறவராக இருந்தால் எவ்வளவோ சுலபம். அவர் கத்தமாட்டார். பெரியம்மா மகன் வங்கி வேலையை விட்டுவிட்டுக் கல்யாண வீடுகளில் படம் எடுக்கப் போகிறேன் என்றபோது அவர் "ஓ" என்றார். அவ்வளவுதான். ஓ என்று சொல்லிவிட்டு எழுந்து போய் ஒரு கிரைண்டர் மூடியைத் துடைத்தார். அந்த ஓவுக்குள் ஒரு வீடு முழுக்க விளக்கணைந்து கிடந்தது என்பதை அன்று பார்த்தவள் நிறைமதி. பல் பிடுங்க மருந்து கண்டுபிடித்திருக்கிறார்கள். அந்த ஓரெழுத்து ஓவுக்கு எந்தக் கடையிலும் ஊசி இல்லை.

ஊசி வந்தது. "சுருக்குன்னு இருக்கும், அவ்வளவுதான்," என்றார் டாக்டர்; சுருக்கென்று இருந்தது, ஆனால் அவ்வளவுதானா என்பது விவாதத்துக்குரியது. பிறகு மருந்து பரவத் தொடங்கியது. முதலில் உதடு தடித்தது, பிறகு தலையணை போலப் பெருத்தது, பிறகு இல்லாமலே போயிற்று. மெல்ல விரலைக் கொண்டுபோய்த் தொட்டுப் பார்த்தாள். விரலுக்கு உதடு தெரிந்தது, உதட்டுக்கு விரல் தெரியவில்லை. ஆஹா. இதற்கல்லவா ஒரு முழுப் பருவம் வகுப்பு வைக்கலாம். அறிவு வரும் வழி மூன்று என்று இந்த மண்ணில் பிரித்து வைத்திருக்கிறார்கள்: நேரே புலன்களால் உணர்வது காண்டல், புகையைக் கண்டு நெருப்பை உய்த்தறிவது கருதல், நம்பத்தக்கவர் சொல்லக் கேட்டு அறிவது உரை. வலி இவளுக்குக் காண்டல். டாக்டருக்குக் கருதல், புருவம் நெரிந்தால் வலிக்கிறது என்று கணக்கு. வெளியே பெஞ்சில் இருப்பவருக்கு வெறும் உரை; "ஒண்ணும் வலிக்கலீங்க" என்று டாக்டர் போய்ச் சொன்னால் அப்பாவின் உலகத்தில் மகளுக்கு வலிக்கவில்லை. ஒரே வலி, மூன்று பேருக்கு மூன்று விதம், அதில் மருந்து ஏறிய பிறகு உரியவளுக்கே இல்லை. இப்போது இந்த உதடு யாருடையது? உணர்பவர் இல்லாத உதட்டை என்னுடையது என்று சொல்ல என்ன உரிமை? பத்திரம் இருக்கிறதா? இப்படியெல்லாம் நினைக்கையில் அவளுக்குள் வழக்கமான அந்தக் குறுகுறுப்பு ஏறியது, சின்ன வயதில் ராட்டினம் உச்சிக்குப் போய் ஒரு கணம் நிற்குமே, அப்போது அடிவயிற்றில் எழுமே, அதே. சிரிக்கப் பார்த்தாள். பாதி முகம்தான் சிரித்தது.

இந்தக் குறுகுறுப்பு முதல் வருடத்தில் தொடங்கியது. எல்லோரும் கட்டாயம் படிக்க வேண்டிய அந்த அடிப்படைத் தாளுக்கு அவள் கண் நிறையத் தூக்கத்தோடு போய்க் கடைசி வரிசையில் உட்கார்ந்தாள். நேற்று இங்கே உட்கார்ந்திருந்தவளும் இன்று உட்கார்ந்திருப்பவளும் ஒருத்திதான் என்பதற்கு என்ன சான்று என்று ஆசிரியை கேட்டார். ஆதார் அட்டை என்றாள் நிறைமதி. வகுப்பு சிரித்தது. அந்த அட்டையில் இருக்கும் படத்தைக் காட்டி இது நீதானா என்று கேட்டால் நீ மனசாட்சியோடு ஆமாம் என்பாயா என்று ஆசிரியை திரும்பக் கேட்டார். வகுப்பு இன்னும் பலமாகச் சிரித்தது, நிறைமதியும் சிரித்தாள், ஆனால் விடை வரவில்லை. விடை வராமலே பஸ் ஏறினாள், விடை வராமலே இறங்க வேண்டிய நிறுத்தத்தைத் தாண்டிப் போனாள், எதிர்ப்பக்கம் வந்து இன்னொரு பஸ் பிடித்தாள், அதிலும் தாண்டிப் போனாள். பள்ளிக்கூடம் முழுக்கத் தோற்பது என்றால் தலைகுனிவு என்றிருந்தவளுக்கு, தோற்றதில் இப்படி ஒரு குளிர்ச்சி இருக்கும் என்று யாரும் சொல்லித் தரவில்லை. பொருளாதாரத்திலும் அவள் மதிப்பெண் வாங்குகிறவள்தான். ஆனால் அங்கே ஒவ்வொரு விதிக்கும் முன்னால் "மற்றவை மாறாதிருக்க" என்று ஒரு வாசலைக் கட்டி வைத்திருந்தார்கள். எல்லோரும் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனார்கள், இவள் வாசலிலேயே நின்றுகொண்டாள். மற்றவை என்றைக்கு ஐயா மாறாதிருந்தன? அம்மா ஒரு நாள் ரசத்தில் புளியைக் குறைத்தாலே வீட்டில் மற்றவை அனைத்தும் மாறிவிடுகின்றன. அதை ஒதுக்கிவிட்டுக் கோடு போடுங்கள் என்றார்கள். கோடு அழகாகத்தான் இருந்தது. தத்துவ வகுப்பில் கோடே போடவில்லை, சண்டை போட்டார்கள். சண்டை முற்றி ஆளுக்கு ஆள் கத்தத் தொடங்கியதும் உடன் படிக்கும் கோட்டைமேட்டு ஃபர்ஹானாதான் ஒரு சட்டம் கொண்டுவந்தாள். புதிதாக ஏதேனும் சொல்ல வேண்டுமானால் வலக்கை. சொல்லப்பட்டதை மறுக்க வேண்டுமானால் இடக்கை. இடக்கை எழுந்த கணம் பேசுகிறவர் பாதிச் சொல்லில் இருந்தாலும் நிறுத்தியாக வேண்டும், ஆசிரியையே ஆனாலும். இரண்டு வருடத்தில் அது உடம்பில் ஊறிவிட்டது. வீட்டில் சாப்பிடும்போது அம்மா "ஊர்ல எல்லாரும் அப்புடித்தான் பண்றாங்க" என்றால் இவளுடைய இடக்கை தானாக எழும். "சோத்துக் கை எங்க போச்சு? பீச்சாங்கையில சாம்பாரு கேக்கறா," என்பாள் அம்மா.

பல் டாக்டர்களுக்கென்று தனியாக ஓர் உரையாடல் மரபு உண்டு. எதிராளியின் வாய்க்குள் இரண்டு கையையும் விட்ட பிறகுதான் அவர்கள் கேள்வி கேட்பார்கள். திருமூர்த்தி அந்த மரபில் தேர்ந்தவர் மட்டுமல்ல, வாய் நிறையக் கருவிகளை வைத்துக்கொண்டு நோயாளி உளறுவதைத் தமிழாகக் கேட்கும் காதும் அவருக்கு வாய்த்திருந்தது. விளக்கு கண்ணைக் கூசுகிறது என்று சொல்ல நினைத்து நிறைமதி "இயக்கு கங்ங" என்று என்னவோ ஒலித்ததும், "சிஸ்டர், லைட்டைக் கொஞ்சம் தள்ளுங்க, கண்ணுக்கு அடிக்குதாம்" என்றார். உறிஞ்சு குழாயைப் பிடித்துக்கொண்டிருந்த சிஸ்டர் விளக்கைத் தள்ளினார். நிறைமதிக்கு அவர் மேல் மதிப்புக் கூடியது. இன்னொருவர் மனத்துக்குள் புக முடியாது என்பார்கள், இவர் வாய் வழியாகப் புகுந்துவிடுகிறாரே. "அப்பா சொன்னாரு, எகனாமிக்ஸ்தான் எடுக்கறயாமா? நல்ல முடிவு கண்ணு," என்றார் அவர் பல் பிடுங்கும் கொறடாவைத் தேடிக்கொண்டே. இடக்கை எழுந்தது. நினைத்து எழவில்லை, முழங்கால் தட்டினால் கால் உதைப்பது போல எழுந்தது. டாக்டர் சொன்ன சொல் தவறாமல் உடனே நிறுத்தினார். அட, எவ்வளவு நல்ல மனிதர், எங்கள் வகுப்பிலேயே சிலர் இவ்வளவு சீக்கிரம் நிறுத்தமாட்டார்கள் என்று அவள் நெகிழ்ந்து, தன் மறுப்பை எடுத்து வைக்க மூச்சை இழுப்பதற்குள், "இன்னும் வலி இருக்குதா? பொறு," என்று இன்னோர் ஊசி உள்ளே நின்றது. "பேசப்படாது, ஊசி நிக்குது."

நின்ற ஊசியின் முன்னால் எந்தத் தர்க்கமும் நிற்காது. கன்னம் போயிற்று. மோவாயின் இடப்பாதி போயிற்று. தவறு எங்கே நேர்ந்தது என்று அவள் மெல்ல விளங்கிக்கொள்வதற்குள் டாக்டர் அடுத்ததற்குப் போய்விட்டார். "உங்க காலேஜ்ல ஃபிலாசஃபிகூட வெச்சிருக்காங்களாமா. பாவம், அந்தப் பசங்க. நம்ம மச்சான் ஒருத்தரு ரிட்டயர் ஆனதுக்கப்புறம் அதைத்தான் படிக்கறாரு. சுகர் வந்ததுக்கப்புறம் படிக்க வேண்டியதை இருபது வயசுல எடுத்தா எப்புடி?" இதற்கும் ஒருத்தி சும்மா இருப்பாளா? கையை மடியோடு அழுத்திப் பிடித்துக்கொள் என்று அவளுக்குள் புத்தியுள்ள ஒருத்தி சொல்லிக்கொண்டே இருந்தாள். புத்தியில்லாத இன்னொருத்தி அதற்குள் கையை விதானத்து அருவிவரை உயர்த்திவிட்டாள். இரண்டு பேரில் நிறைமதி யார்? "இன்னுமா மரக்கலை? சிஸ்டர், இன்னொன்னு ஏத்துங்க. சில பேருக்கு நரம்பு கெட்டி." மூன்றாவது ஊசி. மறுக்க மறுக்க வாய் குறைந்துகொண்டே போவது, மறுக்கிறவர்களுக்கு உலகத்தில் வழக்கமாக நடப்பதுதான். இங்கே அது கூடுதல் அன்போடு நடந்தது. நாக்கு யாரோ மறந்து வைத்துவிட்டுப் போன ஈரத் துணி போல வாய்க்குள் கிடந்தது. காது மடல்வரை வெட்டவெளி. அவளுக்குச் சிரிப்புப் பொங்கிக்கொண்டு வந்தது, வர வழியில்லாமல் மூக்கில் ஏறி ஒரு விம்மலாக வெளியேறியது. "அழுகாதே சாமி, ஆச்சு ஆச்சு," என்று சிஸ்டர் தோளைத் தட்டிக்கொடுத்தார். கையைப் பார்த்து வலியைக் கருதினார் ஒருவர், மூக்கைப் பார்த்து அழுகையைக் கருதினார் ஒருவர். கருதல் என்ற வழியின் லட்சணம் இதுதான் என்றால் உலகம் இத்தனை நாள் எப்படி ஓடிற்று?

"இனி வலி இருக்காது, அழுத்தம் மட்டும் இருக்கும்," என்றார் டாக்டர், கொறடாவால் பல்லைக் கவ்விக்கொண்டு. வலி வேறு, அழுத்தம் வேறு. எவ்வளவு நேர்த்தியாகப் பிரித்துவிட்டார். அப்படியானால் இத்தனை நாளாக அப்பாவை நினைக்கும்போது நெஞ்சில் உட்கார்ந்திருப்பது எந்த வகை? அழுத்தம்தான் போலிருக்கிறது. வலி என்றால் கத்தியிருப்பாளே. யாரும் அவளை அடிக்கவில்லை, அடைத்து வைக்கவில்லை, படிக்க வேண்டாம் என்று சொல்லவில்லை. எதைப் படிப்பாள் என்று மட்டும் அன்பாகத் தெரிந்துவைத்திருந்தார்கள். அன்பு ஒரு மாவாட்டும் கல், ஓசையில்லாமல் சுற்றும், மேலே எதைப் போட்டாலும் ஒரே பதத்துக்கு வரும். இதை அப்பாவிடம் சொன்னால் கல் எந்தக் கம்பெனி என்று கேட்பார். கேட்பார்தான், அவரைப் போய்க் கொடுமைக்காரத் தகப்பனாக நினைத்துக்கொள்ளவும் முடியவில்லை, அந்த வசதியையும் அவர் தரவில்லை. நேற்று இரவு இந்தப் பல் குடைந்தபோது கிராம்புத் தைலத்தைப் பஞ்சில் நனைத்துக்கொண்டு வந்து நின்றவர் அவர். சொல்லாமல் இருப்பது அவருக்கு நல்லதா, எனக்கு நல்லதா? அவருக்காக என்று சொல்லிக்கொள்வது எவ்வளவு சௌகரியமான பொய். நாற்காலி அசைந்தது. தாடை அசைந்தது. மண்டைக்குள் எங்கோ தேங்காய் ஓடு விரிசல் விடும் சத்தம். இப்போது உண்மையாகவே ஏதோ இருந்தது; கையைத் தூக்கலாமா, தூக்கினால் நான்காவது வருமே, முதலில் இது வலியா அழுத்தமா என்று நிறைமதி நேர்மையாக ஆராய்ந்து ஒரு முடிவுக்கு வருவதற்குள் பல் வெளியே வந்துவிட்டது.

தட்டில் கிடந்தது. வேரோடு, சிவப்பாக, நடுவில் பிளந்து. காலைவரை நான் என்று சொன்னபோதெல்லாம் இதுவும் அதற்குள் அடக்கம். இப்போது அது அங்கே, இவள் இங்கே. எது நான் என்று கேட்டால் வாய் இருக்கும் பக்கம் நான் என்று சொல்லலாம், ஆனால் வாயும் தற்சமயம் இவளிடம் இல்லை. டாக்டர் பஞ்சை உருட்டிக் குழியின் மேல் வைத்து இறுக்கிக் கடிக்கச் சொன்னார், நாற்காலி நிமிர்ந்தது, சிஸ்டர் போய் அப்பாவை அழைத்துவந்தார். சென்னியப்பன் செருப்பை வெளியே விட்டுவிட்டு, ஏதோ சந்நிதிக்குள் நுழைவது போல நுழைந்து, மகளைப் பார்த்தார், தட்டைப் பார்த்தார். "இத்துனூண்டா? இதுக்கா மூணு நாளா வீட்டை ரெண்டு பண்ணுனா?" என்றார். "பல்லுப் போனாச் சொல்லுப் போச்சும்பாங்க. அரைமணி நேரம் பேசக் கூடாதுங்க," என்றார் டாக்டர். "எங்க வீட்டுல அரைமணி நேரங்கறது பெரிய சாதனைங் டாக்டரே," என்றார் அப்பா. இருவரும் சிரித்தார்கள். "சூட்டிகையான புள்ளைங்க. எகனாமிக்ஸ் முடிச்சுட்டு எம்பிஏவுங்க. அப்பறம் பட்டறை அவ கையிலதான். திங்கக்கெழமை காலேஜ்ல சொல்லீரோணும், அவ்வளவுதான் பாக்கி," என்று அப்பா அந்தப் பல்லுக்கும் சேர்த்துத் தெரியப்படுத்தினார்.

அப்போது நிறைமதி பேசினாள். ஏன் அப்போது என்று பிற்பாடு அவளாலேயே சொல்ல முடியவில்லை. சிவப்பு விளக்கும் எரியவில்லை, தோசையும் தீயவில்லை. ஒருவேளை பாதி முகம் இல்லாதவளுக்கு இழக்க முகம் குறைவு. அப்பா, எனக்கு எகனாமிக்ஸ் வேண்டாம், நான் தத்துவம்தான் எடுக்கப் போகிறேன் என்பது அவள் மனத்தில் இருந்த வாக்கியம். பஞ்சையும் மருந்தையும் தாண்டி வெளியே வந்தது கொதிக்கும் களியின் ஓசை. "என்ன சாமி? தண்ணி வேணுமா?" என்று குனிந்தார் அப்பா. "இருங்க, எனக்குப் புரியுது," என்றார் டாக்டர். அவருக்கு முழுக்கப் புரிந்துவிட்டது என்பது அவர் கண்ணில் தெரிந்தது. இவளைப் பார்த்தார். அப்பாவைப் பார்த்தார். மறுபடி இவளைப் பார்த்தார். பிறகு கையுறையைக் கழற்றிக்கொண்டே, கல்யாணத் தரகர்களுக்கு வாய்க்கும் ஒரு மெத்தென்ற குரலில், "ஒண்ணுமில்லீங்க. எகனாமிக்ஸோட சேர்த்து, ஓரமா, ஃபிலாசஃபியும் கொஞ்சம் படிக்கட்டுமான்னு உங்களைக் கேக்கறா," என்றார்.

"அட, அவ்வளவுதானா? படிக்கட்டும், அதுக்கென்ன. யோகா மாதிரி, புத்திக்கு நல்லதுதானுங்களே," என்றார் அப்பா. முகத்தில் நிம்மதி. டாக்டர் இவளைப் பார்த்து லேசாகக் கண் சிமிட்டினார்.

முடிந்துவிட்டது. இத்தனை நாள் சுமந்த மூட்டையை இன்னொருவர் வாங்கிப் பதமாக இறக்கி வைத்துவிட்டார். இனி ஓரமாகத் தொடங்கலாம். ஓரம் என்பது மெல்ல நடுவுக்கு நகரும், முதலில் ஒரு தாள், பிறகு இரண்டு தாள், பட்டம் வாங்கும் நாளில்தான் அப்பா காகிதத்தைப் பார்ப்பார், அதற்குள் ஓ என்று சொல்லவும் தோன்றாத அளவுக்குப் பழகியிருப்பார். ஊரில் பாதிப் பெண்கள் இப்படித்தான் பிழைக்கிறார்கள், நாலு பேருக்கு நாலு விதமாகச் சொல்லி, ஓரமாக வேலைக்குப் போய், ஓரமாகக் காதலித்து, வாழ்க்கை முழுவதையும் விளிம்பில் வைத்து உண்டு எழுந்து போய்விடுகிறார்கள். கெட்டிக்காரத்தனம்தான், குறை சொல்ல இவள் யார். அதிலும் பொய் சொன்னவள் இவளில்லை. இவள் உண்மையைத்தான் சொன்னாள், உரக்கவே சொன்னாள், மொழிபெயர்ப்புக்கு அவளா பொறுப்பு? பல்லாவது நடுவில் மட்டும் பிளந்திருந்தது, இந்த வாதம் எப்பக்கமும் பிளந்திருந்தது. அப்பாவுக்கு இப்போது தெரிந்திருப்பது உரையால் தெரிந்தது; சொன்னவர் நம்பத்தக்கவர் என்று அவர் நம்புகிறார்; அது தவறு என்று தெரிந்தவள் எதிரே பஞ்சைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். வாயை மூடிக்கொண்டிருப்பதும் ஒரு சொல்தான். சரி, அதுகூடப் போகட்டும், பொய்யோடு வாழ்ந்துவிடலாம். கேக்கறா என்றாரே, அதுதான் எங்கோ மாட்டிக்கொண்டு வர மறுத்தது. கேக்கறா. படிக்கட்டுமான்னு கேக்கறா. இரண்டு பஸ்ஸிலும் நிறுத்தம் தாண்டிப் போனது இப்படிக் கேட்கவா? தண்ணீர் வேண்டுமா என்றால் கேட்கலாம். கடைசி முறுக்கை எடுத்துக்கொள்ளட்டுமா என்று கேட்கலாம். கேட்டிருந்தால் பல்லாவது மிஞ்சியிருக்கும். நிறைமதி இரண்டு விரலை வாய்க்குள் விட்டுப் பஞ்சை வெளியே எடுத்தாள்.

"ஏய், ரத்தம் வரும், கடி கடி," என்றார் டாக்டர்.

"கேக்கலீங்ப்பா," என்றாள் அவள். உதடு சேராததால் அப்பாவில் பாதி காற்றாகப் போயிற்று. மிச்சத்துக்கு உதடு அதிகம் தேவைப்படவில்லை. "சொல்றேன். எகனாமிக்ஸ் இல்லை. ஓரத்துல இல்லை. அதுதான் எடுக்கறேன்." எச்சிலும் சிவப்பும் மார்பில் கட்டியிருந்த காகிதத் துண்டில் ஒழுகின. இவ்வளவு கேவலமான கோலத்தில் எந்தத் தத்துவவாதியும் தன் நிலைப்பாட்டை அறிவித்திருக்க மாட்டான் என்று அவளுக்குத் தோன்றியது, தோன்றிய கையோடு, ஆச்சரியம், நெஞ்சுக்குள் இருந்த அழுத்தத்தைத் தேடினாள், காணவில்லை.

"நான் உனக்குச் சாதகமாத்தானே கண்ணு சொன்னேன்," என்றார் டாக்டர், சற்றே மனம் புண்பட்டு.

சென்னியப்பன் மகளைப் பார்த்துக்கொண்டே நின்றார். "ஓ," என்றார். துடைப்பதற்குக் கிரைண்டர் மூடி எதுவும் அங்கே இல்லை. கண்ணாடியைக் கழற்றினார், சட்டையில் துடைத்தார், திரும்ப மாட்டினார். பிறகு டாக்டரிடம் கேட்டார்: "இந்த மரப்பு எப்பங் போகும்?"

"மூணு ஊசி போட்டிருக்குதுங்க. சாயங்காலம் ஆயிரும்."

"அப்ப சாயங்காலம் வெச்சுக்கலாம்."

"எதைங்க?"

"சண்டையைத்தான்." மகள் பக்கம் திரும்பினார். "இப்பப் பேசுனா நான் ஜெயிச்சுப் போடுவேன் சாமி. நீ பாதி வாயோட உக்காந்திருக்கற. அது நல்லாருக்காது. பஞ்சை வெச்சுக் கடி."

அவள் வைத்துக் கடித்தாள். மாடிப்படி இறங்கும்போது அவர் கையை அவள் முழங்கைக்குக் கீழே, தொடாமல், விழுந்தால் பிடிக்கிற தூரத்தில் வைத்திருந்தார். காரில் ஏறி அவிநாசி சாலைக்கு வந்ததும், பாதி அவளிடமும் பாதி ஸ்டியரிங்கிடமுமாகச் சொல்லத் தொடங்கினார். "நாலு கேள்வி வெச்சிருக்கறேன். சோத்துக்கு என்ன வழின்னு மொதல்ல." சிறிது தூரம் போனார். "இல்லை, அது வேண்டாம். அதுக்கு நீ என்ன சொல்லுவீன்னு எனக்கே தெரியுது. பட்டறை இருக்குதுல்லைம்பே." இன்னும் சிறிது தூரம். "சொந்தக்காரங்க என்ன நெனப்பாங்கன்னு கேக்கலாம். ம்ஹும். உங்கம்மா அதைக் கேட்டாலே நான் திட்டுவேன், நானே கேட்டா நல்லாருக்குமா?" ஒரு பஸ்ஸுக்கு வழி விட்டார். உள்ளபடியே கவலையோடு புருவத்தைச் சுருக்கினார். "அப்ப என்னதான் கேக்கறது?"

நிறைமதி பஞ்சை இன்னும் இறுக்கிக் கடித்தாள். டாக்டர் பேசக் கூடாது என்றிருக்கிறார். அதுவுமன்றி, இந்த மனிதர் தன் கேள்விகளை ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்துத் தள்ளி வைப்பதைக் குறுக்கிடாமல் பார்க்க வேண்டும் என்று இருந்தது. அவர் கடைசியில் ஏதோ ஒன்றைக் கண்டுபிடிப்பார். கடினமானதாகத்தான் இருக்கும். அதற்குத் தன்னிடம் விடை இல்லாமலும் போகலாம். சாயங்காலத்துக்கு இன்னும் எவ்வளவு நேரம் என்று வெயிலைப் பார்த்தாள். உதட்டின் மரத்த ஓரத்தில், முதல் எறும்பு ஊரத் தொடங்கியது.